அருவிக்கு மேலே நீர்நாய்

ஜனவரி 20

அன்பு மருமகளுக்கு,

நீ ஏறின ரயிலோட கடைசிப் பெட்டி வளைவுல திரும்பறதுக்குள்ளயே உனக்கு என்ன எழுதலாம்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன். இங்கே நான் சுகம், கார்தான் சுகமில்ல. என் டிரைவிங் ஸ்கூல்ல ஓட்டக் கத்துக்க ஒரு பல் டாக்டர் சேர்ந்திருக்கார். ரிவர்ஸ் எடுக்கறேன்னு நேரா கம்பத்துல சாத்திட்டார். என் பக்கத்து பிரேக்கை நான் அமுக்கறதுக்குள்ள பின் விளக்கு போச்சு. "உங்க நாற்காலில நாங்க உட்காரும்போது எங்களுக்கு எப்படி இருக்கும்னு இப்ப தெரியுதா டாக்டர்?"னு கேட்டேன். மனுஷன் சிரிக்கவே இல்ல.

தெருவுல பார்க்கறவங்க எல்லாம் மருமக எங்கேன்னு கேக்கறாங்க. தேசியப் பூங்காவுல ஆராய்ச்சி பண்ணப் போயிருக்கா, முனைவர் பட்டத்துக்குப் படிக்கறவங்கள்ல நாடு முழுக்கப் பத்துப் பேருக்குத்தான் அந்த உதவித்தொகை, அதுல இவளும் ஒருத்தின்னு சொல்றேன். சொல்றப்ப முதுகு தானா நிமிர்ந்துக்குது. மாடி வீட்டு அம்மா மட்டும், "பூங்காவுல என்ன ஆராய்ச்சி, ஊஞ்சல் எண்ணப் போறாளா?"ன்னு கேட்டாங்க. நாள் பூரா நடந்தாலும் அந்தப் பக்கம் எட்டாத காடும்மா அதுன்னு சொல்லி வாயை அடைச்சேன். கல்யாணமாகி முப்பது தாண்டினப்புறம் என்ன படிப்புன்னு அடுத்த கேள்வி வந்துச்சு. அதுக்குள்ள எனக்கு அடுப்புல ஏதோ கருகற வாசனை வந்துடுச்சு. அடுப்புல ஒண்ணுமே இல்ல.

உன் புருஷன் ஸ்டேஷன்லேர்ந்து நேரா அவனோட மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போயிட்டான். சாப்பிடும்போது காலண்டரை எடுத்து அடுத்த ஜனவரியைப் புரட்டிப் பார்த்தான். "ஒரு வருஷம்தானேம்மா, ஓடிப்போயிடும்"னான். நான் தட்டைப் பார்த்துக்கிட்டேன். தேர்வான அன்னிக்கு அடுப்படியில நீ எனக்கு மட்டும் சொன்னியே, முதல் வருஷம் நல்லா பண்ணினா மூணு பேருக்கு மட்டும் இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிப்பாங்கன்னு, அது இன்னும் என் வாய்க்குள்ளயேதான் இருக்கு. அவன்கிட்ட அதை நீதான் சொல்லணும்.

அங்கே குளிர் ஜாஸ்தியாம். காதை மூடிக்கோ. சாப்பிடறியா, தூங்கறியான்னு முதல் வரியில எழுது, மத்ததை அப்புறம் படிச்சுக்கறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை

பிப்ரவரி 14

அன்புள்ள அத்தைக்கு,

சாப்பிடறேன். தூங்கறேன். இதோ முதல் வரியிலயே எழுதிட்டேன். உங்க முட்டி வலி எப்படி இருக்கு? கிளட்ச் மிதிக்கற வேலையை அந்த டாக்டருக்கே விட்டுடுங்க.

இங்கே போன் எடுக்காது. வாரத்துக்கு ஒரு தடவை வர ஜீப்புல, உருளைக்கிழங்கு மூட்டைக்குக் கீழ நசுங்கி உங்க கடிதம் வந்துச்சு. ஆத்தங்கரையில தகரக் கூரை போட்ட ரெண்டு ரூம் வீடு. இன்னொரு உதவித்தொகைக்காரி என்கூட இருக்கா. அவ பாசியை ஆராய்ச்சி பண்றா. வீட்டுல இருக்கற கப்பு, டம்ளர் எல்லாத்துலயும் பாசியை வளர்த்து வெச்சிருக்கா. நான் டீயை பாத்திர மூடியில ஊத்திக் குடிக்கறேன்.

என் வேலையைச் சொன்னா சிரிப்பீங்க. விடியறப்பவே ஆத்தோரமா நடந்து, பாறை பாறையா நீர்நாய் போட்டுட்டுப் போன எச்சத்தைத் தேடணும். அதைப் பொறுக்கி, சல்லடையில அலசி, உள்ளே மீன் செதிலா நண்டு ஓடான்னு பிரிக்கணும். அது என்ன தின்னுச்சு, எங்கே போச்சு எல்லாம் அதுலயே தெரிஞ்சுடும். மீன் சந்தையில யாரோ சென்ட் பாட்டிலை உடைச்ச மாதிரி ஒரு வாடை. இப்ப எனக்கு அது பிடிக்கவே ஆரம்பிச்சுடுச்சு, என்னை என்ன செய்யறதுன்னு தெரியல. வனக்காவலர் எனக்கு வெச்சிருக்கற பேர் எச்சக்காரி.

முந்தாநாள் முதல் நீர்நாயைப் பார்த்தேன் அத்தை. தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு ஒரு தலை வந்துச்சு. என்னைப் பார்த்து, "நீ யாரு?"ன்னு கேட்கற மாதிரி மூக்கால ஊதிட்டு முழுகிடுச்சு. நான் இடுப்பளவு தண்ணியில நின்னு அழுதேன். பாசிக்காரி ஏதோ கடிச்சுடுச்சுன்னு நினைச்சு ஓடி வந்தா.

அவருக்குத் தனியா ஒரு காகிதம் உள்ளே வெச்சிருக்கேன். நீங்க சொன்ன விஷயம் அதுல இல்ல. எழுதி எழுதிக் கிழிச்சேன். அடுத்த தடவை எழுதிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

அன்புடன்,
உங்க எச்சக்கார மருமகள்

மார்ச் 5

அன்பு மருமகளுக்கு,

முட்டி பரவாயில்ல. உன் எழுத்தைப் பார்த்ததும் பாதி வலி போச்சு, மீதிக்குத் தைலம் தடவிக்கிட்டேன். தண்ணியில ரொம்ப நேரம் நிக்காதே.

நீர்நாய் கதையை அன்னிக்கு வந்த எல்லா மாணவர்களுக்கும் சொன்னேன். சிக்னல்ல பச்சை விழுந்தது கூடத் தெரியாம பல் டாக்டர் கேட்டுக்கிட்டு இருந்தார், பின்னாடி ஹாரன் அடிச்சே கிழிச்சுட்டாங்க. அதோட பல்லைப் பத்தி உனக்குத் தெரிஞ்சதை எழுதணுமாம். நண்டு ஓட்டையே கடிச்சுத் தின்னுதுன்னா சாமானியப் பல் இல்லைன்னு சொல்றார்.

உன் காகிதத்தை அவன்கிட்ட குடுத்தேன். சட்டைப் பைல வெச்சுக்கிட்டான். நல்லாத்தான் இருக்கான். ஆனா ஒண்ணு சொல்லணும். கடைக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு வீடு பார்த்துட்டு வந்திருக்கான். என்னை விட்டுத் தனியாப் போறதுக்கு இல்ல, மூணு பேருக்கும் சேர்த்துத்தான். பின்பக்கம் ஜன்னல் வெச்ச ஒரு அறை இருக்காம். "அவ திரும்பி வந்ததும் உட்கார்ந்து எழுத இது சரியா இருக்கும்மா"ன்னு ஆசையா சொல்றான். அலமாரி எங்கே வரணும்னு சுவத்தை அளந்துட்டே வந்துட்டான்.

அந்த மூணு வருஷ விஷயத்தை அவன்கிட்ட நீயே சொல்லிடு. சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
அத்தை

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

நீங்க சுகமா இருக்கணும், இருப்பீங்க. நான் சுகத்துக்கும் மேல எங்கேயோ இருக்கேன். அவசர அவசரமா எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

எங்க ஆத்துல நடுவுல ஒரு பெரிய அருவி இருக்கு. செங்குத்தா, நாலு மாடி உயரம் இருக்கும். நீர்நாய் எல்லாம் அருவிக்குக் கீழ மட்டும்தான்னு புத்தகத்துல இருக்கு. ஏற முடியாது, அதனால மேலே இல்ல, அவ்வளவுதான். என் ஆராய்ச்சித் திட்டத்துலயும் நான் அப்படியேதான் எழுதிக் குடுத்தேன். நேத்து பாசிக்காரிக்கு ஏதோ அபூர்வப் பாசி வேணும்னு அருவிக்கு மேலே கூட்டிட்டுப் போனா. அவ ஒரு பாறையைச் சுரண்டிக்கிட்டு இருந்தா, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்ப அந்த வாடை வந்துச்சு.

நான் எழுந்திருக்கவே இல்ல அத்தை. நாய் மாதிரி நாலு கால்ல மோந்துக்கிட்டே போனேன். பாறைக்குப் பின்னாடி எச்சம். புதுசு. உள்ளே நண்டு ஓடு, அதோட நீர்நாய் தன்னை நக்கிக்கறப்ப உள்ளே போற முடியும் இருந்துச்சு. அருவிக்கு மேலே.

பேராசிரியருக்கு வனத்துறை வயர்லெஸ்ல சொல்லி அனுப்பினேன். "ஏதாவது பறவை தூக்கிட்டு வந்து போட்டிருக்கும், அவசரப்படாதே"ன்னு பதில் வந்துச்சு. எச்சத்தைத் தூக்கிட்டுப் போற பறவை எதுன்னு கேட்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். தானா படம் எடுக்கற கேமரா நாலு இருக்கு. நாலையும் மேலே கொண்டுபோய்க் கட்டப் போறேன். ஒரே ஒரு படம் கிடைச்சா போதும். வருஷக் கடைசியில நீட்டிப்புக்கு யார்னு முடிவு பண்ற குழு வரும்போது அதை எடுத்து மேஜை மேல வைப்பேன்.

வீட்டு விஷயம் படிச்சேன். ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்குன்னு அவரைக் கேட்கணும் போல இருந்துச்சு. இந்த வாரமே அவருக்கு எழுதிடறேன்.

அன்புடன்,
மருமகள்

மே 19

அன்பு மருமகளுக்கு,

பதில் எழுத நாளாயிடுச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்ல, சோம்பல்தான். நீ எப்படி இருக்கே? அட்டை ஏதும் கடிக்கலையே?

அருவிக்கு மேலே எச்சம்னு படிச்சதும் எனக்கே குதிக்கணும் போல ஆயிடுச்சு. உன் பேராசிரியர் கெடக்கறார் விடு. பல் டாக்டர் லைசென்ஸ் டெஸ்ட்ல ஃபெயில். வண்டியை எடுத்ததுமே இடது இண்டிகேட்டரைப் போட்டு வலது பக்கம் திரும்பிட்டார். திரும்ப என்கிட்டயே சேர்ந்துட்டார். நீ தனிக் காகிதத்துல அனுப்பின நீர்நாய்ப் பல் விவரத்தைக் கண்ணாடி ஃபிரேம் போட்டு கிளினிக்ல மாட்டியிருக்கார். இங்கே வெயில் தாங்கல. மாடி வீட்டு அம்மா பையனுக்குப் பொண்ணு பார்க்கறாங்க. ரொட்டிக் கடை மூடிட்டாங்க, இப்ப ரெண்டு தெரு தள்ளிப் போகணும், அதுவும் நல்லதுதான், முழு ரொட்டி வாங்கினா மீந்துதான் போகுது. வாசல் பல்பு ஃபியூஸ் போயிடுச்சு, ஸ்டூல் போட்டு ஏறி நானே மாத்திட்டேன். முட்டி ஒண்ணும் சொல்லல.

வேற விசேஷம் இல்ல. அவன் சௌக்கியம். கேமராவுல என்ன விழுந்துச்சுன்னு உடனே எழுது.

இப்படிக்கு,
அத்தை

ஜூன் 11

அன்புள்ள அத்தைக்கு,

நான் சௌக்கியம். உங்களைத்தான் இந்தத் தடவை நம்பறதா வேண்டாமான்னு தெரியல.

முதல்ல என் செய்தி. மழை சீக்கிரமே வந்துடுச்சு. ஒரே நாள்ல ஆறு பொங்கி, கரை மரங்களோட சேர்த்து நாலு கேமராவையும் இழுத்துட்டுப் போயிடுச்சு. அருவிக்குக் கீழ வலை போட்டுத் தேடினோம். ஒண்ணோட வார் மட்டும் கிடைச்சுது. புதுக் கேமரா கேட்டு எழுதினேன், அடுத்த வருஷக் கணக்குலதான் வருமாம். குழு செப்டம்பர்லயே வருது. "எச்சத்தை மட்டும் வெச்சுக்கிட்டுப் பேசினா எடுபடாதும்மா"ன்னு பேராசிரியர் நேர்லயே வந்து சொல்லிட்டுப் போனார். அவர் மேல கோபம் வரல, சொன்னது உண்மை. ஆனா எனக்கு என்னமோ சோர்வே வரல அத்தை. கேமரா இல்லைன்னா என்ன, கண்ணு இருக்கு. பாசிக்காரி தன்னோட சின்னக் கேமராவைக் குடுத்திருக்கா. விடியக்காலையில அருவித் தலைமாட்டுல போய் உட்காரப் போறேன். அது வர வரைக்கும் உட்காருவேன்.

இப்ப உங்க செய்தி. பல்பை நீங்க ஏன் மாத்தினீங்க? நான் அந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து உயரத்துல இருக்கற எதையும் தொட விடாதவர் அவர். உங்களைப் போய் ஸ்டூல்ல ஏற விடுவாரா? ரொட்டி ஏன் மீந்து போகுது? ஏப்ரல்ல நான் அவருக்கு எழுதினதுக்கு இன்னும் ஏன் பதில் வரல? அதுல எல்லாத்தையும் சொல்லிட்டேன் அத்தை, மூணு வருஷத்தையும்.

வீட்டுல யார் இல்ல?

மருமகள்

ஜூலை 3

உனக்கு,

அம்மா உன் கடிதத்தைக் கடைக்கே கொண்டுவந்து, கண் பார்க்கற மெஷின் மேல வெச்சுட்டு, "இதுக்கு என்னால பதில் எழுத முடியாது, நீயே எழுது"ன்னு சொல்லிட்டு ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காம போயிட்டாங்க. அதான் எழுதறேன். நீ நல்லா இருப்பேன்னு நம்பறேன். நானும் உடம்பளவுல நல்லாத்தான் இருக்கேன்.

கடை மாடியில லென்ஸ் பெட்டி அடுக்கி வெச்ச அறையில இருக்கேன். மார்ச் கடைசியிலயே வந்துட்டேன். அந்த வீட்டுக்குப் பேசி முடிக்கப் போறேன்னு அம்மாகிட்ட சொன்னேன். வேண்டாம்டா, பொறுடான்னாங்க. ஏன், ஏன்னு நான் விடல. கடைசியில, "ஒரு வருஷம் இல்லடா, கிடைச்சா மூணு வருஷம்"னு சொல்லிட்டாங்க. உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். சொன்னாங்க.

அப்புறம்தான் உன் ஏப்ரல் கடிதம் வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சு போனதுக்கு அப்புறம்.

நீ போனதுல எனக்குக் கோபம் இல்ல. உன் பெட்டியைத் தூக்கிட்டு பிளாட்ஃபாரம் பூரா நடந்தவன் நான். ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் பார்த்து, அவங்களுக்கு எது மங்கலாத் தெரியுதுன்னு சொல்றதுதான் என் தொழில். என் வீட்டுல ரெண்டு பேருக்குத் தெரிஞ்ச விஷயம், சுவத்தை அளந்துட்டு வந்து நிக்கற வரைக்கும் என் கண்ணுல படல. அம்மா அதைப் பார்த்துக்கிட்டே தட்டைக் கழுவிக்கிட்டு இருந்திருக்காங்க.

இவ்வளவுதான். மழையில ஜாக்கிரதையா இரு.

(வீட்டு ஜன்னல் கிழக்கே பார்த்தது. கேட்டிருந்தே.)

ஜூலை 18

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

நீங்க எழுதினதை நாலு தடவை படிச்சேன். மாடி அறையில காத்து வருதா? லென்ஸ் பெட்டிக்கு நடுவுல எப்படித் தூங்கறீங்க?

உங்ககிட்ட சொல்லாம விட்டதுக்குக் காரணம் சொல்றேன். மூணு வருஷம்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். நீங்க கத்துவீங்கன்னு இல்ல. நீங்க வேண்டாம்னு சொன்னா நான் நின்னுடுவேன், அதுதான் பயம். அத்தை என்னை நிறுத்த மாட்டாங்கன்னு தெரியும், அதனால அவங்ககிட்ட சொன்னேன். அவங்களைக் கோவிக்காதீங்க. ரகசியத்தை அவங்க தலையில ஏத்தினது நான்.

மீதியை எழுத்துல பேசினா வளைஞ்சு வளைஞ்சு போகும். ஜீப் சனிக்கிழமை காலையில ஸ்டேஷன் வாசல்லேர்ந்து கிளம்பும். குடும்பத்துல ஒருத்தர் வந்து தங்கலாம்னு விதியிலயே இருக்கு. தினமும் விடியறப்ப அருவித் தலைமாட்டுல ஒரு பாறை மேல உட்கார்ந்திருக்கேன். இதுவரைக்கும் ஒண்ணும் வரல, கொசுவைத் தவிர. பக்கத்துல இன்னொருத்தர் உட்கார இடம் இருக்கு.

வரும்போது ரப்பர் பூட்ஸ் எடுத்துட்டு வாங்க. வரலைன்னாலும் ஒரு வரி எழுதுங்க.

உங்க
எச்சக்காரி

ஆகஸ்ட் 30

அன்பு மருமகளுக்கு,

பல்பு விஷயத்துல மாட்டிக்கிட்டேன். ஒத்துக்கறேன். நீ ஓடி வந்துடுவேன்னுதான் எழுதல. நான் சுகம், ஸ்டூல்ல இனி ஏறமாட்டேன். நீ எப்படி இருக்கே? மெலிஞ்சு போயிருப்பே.

இப்ப கேளு. இன்னிக்குக் காலையில அவன் வீட்டுக்கு வந்தான். "வா"ன்னேன். "ம்"னான். நேரா பரண்ல ஏறி எதையோ உருட்டினான். "என்னடா தேடறே?" "பூட்ஸ்." "கடைக்குள்ள மழை பெய்யுதா?"ன்னு கேட்டேன். பூட்ஸை எடுத்தான், மழைக்கோட்டை எடுத்தான். பைனாகுலரோட லென்ஸைத் துடைச்சான் பாரு, ஏதோ ராஜாவுக்குப் போடற கண்ணாடி மாதிரி அப்படித் துடைச்சான். நான் எங்கே போறேன்னு கேட்கவே இல்ல. கேட்டா நின்னுடுவானோன்னு பயம். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, "அம்மா, கடைச் சாவி"ன்னு என் கையில குடுத்துட்டுப் போனான். வெளியூர் போனா சாவியை என்கிட்டதான் குடுப்பான்.

இந்தக் கடிதமும் அவனும் ஒரே ஜீப்புல வருவாங்கன்னு நினைக்கறேன். யார் முதல்ல இறங்கறாங்கன்னு பார்த்து எழுது.

இப்படிக்கு,
படபடப்போட,
அத்தை

செப்டம்பர் 22

அன்புள்ள அத்தைக்கு,

ஜீப்புல முதல்ல இறங்கினது அவர்தான். கடிதம் அவர் உட்கார்ந்த மூட்டைக்கு அடியில இருந்துச்சு. நீங்க சுகம்தானே? இதைப் படிக்கறப்ப உட்கார்ந்துக்கோங்க.

வந்த மறுநாளே விடியலுக்கு முன்னாடி அருவித் தலைமாட்டுக்குப் போயிட்டோம். சத்தம் போடக் கூடாது, அசையக் கூடாதுன்னு சொன்னேன். சரின்னார். உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழிச்சு, ஆத்தைப் பார்த்துக்கிட்டே, வாய்க்குள்ளயே கேட்டார்:

"நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்னு நீயா எப்படி முடிவு பண்ணினே?"

"சொல்லியிருக்க மாட்டீங்களா?"

"சொல்லியிருப்பேன். அன்னிக்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். விடிஞ்சதும் போன்னு சொல்லியிருப்பேன். அந்த ஒரு ராத்திரியை நீ எனக்குக் குடுக்கல."

அத்தை, நாங்க அன்னிக்குப் போட்ட சண்டை மாதிரி உலகத்துல யாரும் போட்டிருக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் முன்னாடியே பார்த்துக்கிட்டு, உதட்டை அசைக்காம, கொசு கடிக்கறதைக் கூட அடிக்காம, ஆறேழு மாசத்து ஆத்திரத்தையும் கிசுகிசுன்னு கொட்டித் தீர்த்தோம். அருவிச் சத்தத்துல பாதி காதுல விழல. "என்ன சொன்னீங்க?"ன்னு திரும்பக் கேட்டா, திரும்பச் சொல்றப்பவே அவருக்குக் கோபம் பாதியாயிடுச்சு. நீங்க பட்ட பாட்டையும் சொன்னேன். "அம்மாவை நான் பார்த்துக்கறேன்"னார். நான் அழுதேன். அதையும் சத்தமில்லாமத்தான் செய்யணும்.

மூணாவது நாள் காலையில அவருக்குத் தும்மல் வந்துச்சு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முகமெல்லாம் சிவந்து, என் கையை இறுக்கிப் பிடிச்சார். தும்மலுக்குத்தான்னு நினைச்சேன். அவர் கண்ணு வேற எங்கேயோ இருந்துச்சு.

ஆத்துல இல்ல. நாங்க நடந்து வந்த ஒத்தையடிப் பாதையில. புதரை விலக்கிக்கிட்டு ஒரு தலை. அப்புறம் உடம்பு. தாய் நீர்நாய், வாயில ஒரு குட்டியைக் கழுத்தோட கவ்விக்கிட்டு வருது. ஈரமே இல்ல, உடம்பெல்லாம் மண்ணு. அருவிக்குப் பக்கத்துக் காட்டுக்குள்ள புகுந்து, வேரைப் பிடிச்சு ஏறி, பாதையைக் கடந்து, எங்க சாப்பாட்டுப் பையை ஒரு தடவை மோந்து பார்த்துட்டு, மேல்தண்ணியில இறங்கிடுச்சு. பின்னாலயே ஆண். அது வாயிலயும் ஒரு குட்டி. நான் கல்லாயிட்டேன். கேமரா மடியில இருக்கு, கை எழும்பல. அவர் அதை எடுத்துத் தட்டிக்கிட்டே இருந்தார். எல்லாம் போனப்புறம் தும்மினார் பாருங்க, மலையே எதிரொலிச்சுது.

ஊருக்கெல்லாம் தெளிவாக் கண்ணாடி போட்டுத் தர மனுஷன் எடுத்த படத்துல முக்கால்வாசி மங்கல். ஒண்ணு மட்டும் நல்லா விழுந்திருக்கு. தாய், வாயில குட்டி, பின்னாடி அருவியோட உச்சி. போதும்.

போன வாரம் குழு வந்துச்சு. மூணு பேர். நடுவுல உட்கார்ந்திருந்த பெரியவர்தான் அந்தப் புத்தகத்தையே எழுதினவர். "நீர்நாயால அந்த அருவியை ஏற முடியாதுன்னு நானே எழுதியிருக்கேன்மா"ன்னார். எனக்குப் பதில் தானா வந்துச்சு.

"ஏறல சார். சுத்திக்கிட்டுப் போகுது."

அவர் படத்தைக் கையில எடுத்துப் பார்த்தார். கிட்டக்க வெச்சுப் பார்த்தார், தள்ளி வெச்சுப் பார்த்தார். "மத்த படம் எல்லாம் ஏன் ஆடியிருக்கு?"

"எடுத்தவருக்குத் தும்மல் சார்."

"யார் அவர்?"

"என் வீட்டுக்காரர். கண்ணாடிக் கடை வெச்சிருக்கார்."

அவர் சிரிச்ச சிரிப்புல மத்த ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டாங்க. அப்புறம் ஆளாளுக்குக் கேள்வி கேட்டுக் குடைஞ்சு எடுத்தாங்க. எச்சத்தையெல்லாம் மேஜையில பரப்பினேன், வாடையில ஜன்னலைத் திறந்து விட்டாங்க. போறப்ப பெரியவர் அந்தப் படத்தை மட்டும், "இதை நான் எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனார். முடிவு வர நாளாகும். பாசிக்காரிக்கும் அன்னிக்கேதான், ரெண்டு பேரும் நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கோம்.

அவர் ஒரு வாரம் தங்கிட்டு, அடுத்த ஜீப்புலதான் ஏறினார். மூணு வருஷத்தைப் பத்தி அவரும் ஒண்ணும் சொல்லல, நானும் கேட்கல.

உங்களுக்கு ஒரு முத்தம்.

மருமகள்

நவம்பர் 16

அன்பு மருமகளுக்கு,

நான் ரொம்ப சுகம். நீயும் அப்படித்தான் இருப்பே, இந்தத் தடவை கேட்க வேண்டியதே இல்ல.

செப்டம்பர்லேர்ந்து தபால்காரரைப் பார்த்தாலே நான் வாசலுக்கு வந்து நின்னுடுவேன். உங்க வீட்டுக்கு ஒண்ணும் இல்லம்மான்னு அவரே தூரத்துலேர்ந்து கையை ஆட்டிடுவார். நேத்து மத்தியானம் பல் டாக்டரோட கடைசி கிளாஸ். மனுஷன் பாஸ் பண்ணிட்டார், நன்றி சொல்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்னு நின்னார். வண்டி கண்ணாடிக் கடையைத் தாண்டறப்ப உன் புருஷன் நடு ரோட்டுக்கு ஓடி வந்து கையை நீட்டினான். டாக்டர் போட்ட பிரேக்குல நான் முன்னாடி போய் வந்தேன். அவனே பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். மூச்சு வாங்குது.

"என்னடா?"

"ஓட்டச் சொல்லும்மா."

டாக்டர் ஓட்டினார். திரும்பிப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான், முகம் மட்டும் சும்மா இருக்க மாட்டேங்குது. ரொட்டிக் கடை இருந்த முனை தாண்டினதும் ஆரம்பிச்சான்.

"அம்மா, அவளுக்கு நீட்டிச்சுட்டாங்க. மூணு பேர்ல இவ பேர்தான் முதல்ல. பாசிப் பொண்ணுக்கும் கிடைச்சிருக்கு. முடிவு வந்த அன்னிக்கே எனக்கு எழுதியிருக்கா. சரின்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்களுக்குத்தான் எழுதறேன், ஒரு ராத்திரி எடுத்துக்கோங்கன்னு எழுதியிருக்கா."

"எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன். முழுசா. கஷ்டமாத்தான் இருந்துச்சும்மா, பொய் சொல்லல. ரெண்டு வருஷம் சின்னது இல்ல. காலையில, நீ போன்னு எழுதித் தபால்ல போட்டுட்டு, திரும்பி வர வழியில எனக்குச் சிரிப்பு தாங்கல. மாசத்துக்கு ஒரு தடவை கடையை மூடிட்டுப் போயிட்டு வரேன். புதுக் கேமராவும் வருதாம், ஆனா என்னையும் படம் எடுக்கக் கூப்பிடறா." சொல்லிட்டு என் தோள்ல கையை வெச்சான். "நான் இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடறேன். லென்ஸ் பெட்டி மேல படுத்து முதுகு போச்சு."

டாக்டர் வண்டியை ஓரமா நிறுத்திட்டு, இண்டிகேட்டரைக் கூடச் சரியா போட்டுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

உன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அவன் பேச ஆரம்பிச்சதும், எனக்கு இது முன்னாடியே தெரியாத மாதிரி முகத்தை வெச்சுக்கணும்னு பழக்கதோஷத்துல அவசர அவசரமா முகத்தைச் சரி பண்ணிக்கிட்டேன். அவன் பாதி சொல்லி முடிச்சப்புறம்தான் உறைச்சுது. எனக்கு நிஜமாவே தெரியாது.

உன் அத்தை